கல்யாணக் குதிரைக்குப் போட்ட கட்டு

சின்னதாக அறுத்துவிட்டுப் பெரிதாகக் கட்டுப் போடுகிறவர் என்றால், நான் பார்த்தவரையில் அந்தக் குதிரை டாக்டர் ஒருவர்தான்.

மட்டாஞ்சேரியில் கல்யாண ஊர்வலக் குதிரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதன் கணுக்காலில் தசைநார் இறுகி, நொண்ட ஆரம்பித்தது. தொப்பையும் தடிக்கண்ணாடியுமாக வந்தவர், மயக்க ஊசி போட்டு, அரிசி அளவுத் துளைக்குள் கேமராக் குழாயை விட்டு நாரை அறுத்தார். பிறகு முழங்கால்வரை கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார்.

"இத்தனை கட்டா டாக்டரே? உள்ளே வல்லதும் கேடு ஆயிப்போச்சா?" என்றேன் பயந்துபோய்.

"பேடிக்காதேடா. கட்டு உன் முதலாளிக்காக்கும். துளையை மட்டும் பார்த்தா ஞாயித்துக்கிழமையே மாப்பிள்ளையை ஏத்திடுவான். இப்ப ஆள் ஏறினா கால் போச்சு."

முதலாளி வந்து பார்த்து, "பாவம்" என்றார். மற்ற மூன்று கால்களிலும் அதேபோல் என்னைக் கட்டச்சொல்லி, நாலுக்கும் மேலே ஜரிகை சுற்றினார்.

ஞாயிறன்று மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் நான் பூத்துக்கு ஓடி டாக்டருக்குப் போன் செய்தேன். ஸ்கூட்டரில் வந்து ஊர்வலத்தை மறித்தவர், "குதிரைக்குச் சொறி! மனுஷனுக்கும் ஒட்டும்!" என்று கத்தினார். மாப்பிள்ளை குதித்து இறங்கி மண்டபத்துக்கு நடந்தே போனார்.

அது பொய்யென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன தோரணையில், ஒரு வாரம் என் கை அரித்துக்கொண்டே இருந்தது.