தவளைகளுக்கு நடுவே ஒரு டிராகன்

தவளைகளை வைத்து ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தை ஒரே ஒரு டிராகனை வைத்துத் தோற்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட என் வாயாலேயே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். மைசூரில் நான் வளர்ந்த தெருவில் அதுவும் மிஞ்சவில்லை. இன்றைக்குப் போனாலும் பழைய ஆட்கள் என்னை 'டிராகன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் நான் ஏதோ கராத்தே மாஸ்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு மைசூர் வந்தவர். ஒரு கன்னடக் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அந்த வருஷம் தெருப் பையன்கள் எல்லோருக்கும் ஒரு சீட்டுக்கட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. ரம்மி இல்லை. மிருகங்கள், பூதங்கள் படம் போட்ட கார்டுகள், பாக்கெட்டில் வரும். என்ன வரும் என்று பிரித்தால்தான் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று மினுங்கும். வந்ததிலிருந்து பொறுக்கி, நாற்பது கார்டு கொண்ட டெக் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு எதிராளியோடு மோத வேண்டும். தெருமுனை ஸ்டேஷனரி கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேஜை கிடந்தது. அதுதான் போர்க்களம்.

எனக்கு வாங்கிக் கொடுத்த பாக்கெட்டுகள் சொற்பம். அதில் வந்த எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்து, ஒருவனிடமிருந்து மினுங்கும் டிராகன் ஒன்றை மாற்றிக்கொண்டேன். வெயிலில் காட்டினால் வானவில் தெரியும். அதை மேஜையில் இறக்க எட்டு நெருப்புக் கார்டுகள் வேண்டும் என்று மூலையில் அச்சிட்டிருந்ததை நான் படிக்கவில்லை. என்னிடம் நெருப்புக் கார்டு ஒன்றுகூட இல்லை. அப்படியாக, ஒருபோதும் இறங்க முடியாத டிராகனுக்கு நான் சொந்தக்காரன் ஆனேன். ஆடக் கார்டு இல்லாதவனுக்கு மேஜையில் நாற்காலி கிடையாது. ஓரமாக நின்று மற்றவர்களுக்கு ஸ்கோர் எழுதலாம். கோடை லீவு பூராவும் எழுதினேன். கூட்டலில் நான் செய்த தப்புக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டதும் உண்டு.

அக்கா ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்குள் தமிழும் வெளியே கன்னடமும் பேசுவாள், இரண்டையும் சிக்கனமாகத்தான் பேசுவாள். ஒரு நாள் பால் வாங்கப் போனவள், நான் ஸ்கோர் அட்டையும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தின் சட்டதிட்டம் எல்லாம் சொல்லச் சொன்னாள். டிராகனைப் பற்றியே நான் நெடுநேரம் பேசினேன். கேட்டு முடித்துவிட்டு, கன்னடத்தில் ஒரு 'டேய்' போட்டு ஒரே கேள்வி.

"லோ, அந்தப் பசங்க எதக் கீழ வீசறாங்க?"

"தவளைய. அது ஒரு அடிக்குச் செத்துப்போயிடும்க்கா."

"எத்தன வீசறாங்க?"

எக்கச்சக்கமாக வீசினார்கள். மினுங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கடைக்காரர் அவற்றைக் கூட்டி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஒரு மிட்டாய் விலைக்கு ஒரு கை அள்ளிக்கொள்ளலாம். என் கை சின்னது என்று அக்காவே அள்ளினாள். வீட்டில் தரையில் பரப்பினோம். எதையும் விடாமல் ஒவ்வொரு கார்டிலும் இருந்த பொடி எழுத்தைப் படித்தவள் அவள் ஒருத்திதான். தவளை தனியாக இருந்தால் நோஞ்சான். பக்கத்தில் இன்னொரு தவளை வந்தால் இரண்டுக்கும் பலம் ஒன்று கூடும். மூன்றாவது வந்தால் மூன்றுக்கும் இன்னும் ஒன்று. இறக்க ஒரே ஒரு தண்ணீர்க் கார்டு போதும்.

"வெறும் தவளையும் தண்ணியும். வேற எதுவும் பேடா," என்றாள். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் அவள் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம். டிராகனைக் காட்டினேன். "அது பேடவே பேடா."

ஒரே ஒரு குறை. செத்த தவளைகளையெல்லாம் எழுப்பிக் கையில் கொடுக்கும் தவளை ராணி என்று ஒரு கார்டு உண்டு. அது மினுங்கும். தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வீட்டு ஓனரின் மகனிடம். அவன் அக்காவின் வகுப்பு. மேஜைக்கு அவன்தான் ராஜா. ராணியை வைத்து ஆடமாட்டான், பிளாஸ்டிக் உறையில் போட்டு எல்லோருக்கும் காட்டுவான், அவ்வளவுதான்.

அந்த வாரங்களில் அக்கா ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் குனிந்து உட்கார்ந்து சயின்ஸ் ரெக்கார்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். செம்பருத்தியின் குறுக்குவெட்டு, மனித இதயம், இன்னும் என்னென்னவோ. ஒன்றைக் கவனித்தேன். எல்லாப் படத்தையும் இரண்டு தடவை வரைந்தாள். என் மூளை வேகமாக வேலை செய்தது. டீச்சர் இம்போசிஷன் கொடுத்திருக்கிறார்! இவ்வளவு நல்ல செய்தியை நான் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏம்புள்ள, ஒரு பூவ ஒழுங்கா வரையறதுக்கில்லையா உனக்கு? ரெண்டு வாட்டி வரையச் சொல்ற அளவுக்கா கிறுக்கி வெச்ச? உங்கப்பன் நைட் ஷிஃப்ட் போய்ப் படிக்க வைக்கிறது இதுக்குத்தானா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். அப்படியானால் குற்றம் உண்மைதான் என்று நான் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

நவராத்திரி தொடங்கிய அன்று என் கன்னடப் புத்தகத்துக்குள் தவளை ராணி இருந்தாள். உறையோடு. நான் போட்ட கூச்சலில் ஓனர் வீட்டு நாய் குரைத்தது.

"எங்கக்கா கிடைச்சுது?"

"கிடந்துச்சு."

சாக்கடை ஓரத்தைக்கூட விடாமல் பையன்கள் துழாவும் தெருவில், மினுங்கும் கார்டு ஒன்று சும்மா கிடந்ததாம். நம்பினேன். அப்பேர்ப்பட்ட புத்திசாலி.

விஜயதசமி காலையில் ஆட்டம். அன்று ஜெயித்தால் தீபாவளி வரைக்கும் மேஜையில் நாற்காலி, தோற்றால் தீபாவளி வரைக்கும் ஸ்கோர் அட்டை. அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அப்பாவின் டூல்பாக்ஸ், சைக்கிள், அரிவாள்மணை, அக்காவின் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் சாமி முன்னால் வரிசையாக இருந்தன. என் ஆயுதத்தையும் வைத்தேன். டெக்கின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி, டிராகன். பொட்டு வைத்துக்கொண்டே வந்த அம்மா அதனிடம் வந்ததும் நின்றாள். பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அந்த வாயைப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சிக்கெல்லாம் பொட்டு வெக்க முடியாது சாமி," என்று அதைக் குப்புறத் திருப்பி, முதுகில் ஈரக் குங்குமத்தை அழுத்தி வைத்தாள்.

இப்போது எனக்கு ஒரு தர்மசங்கடம். பூஜை போட்ட ஆயுதத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போருக்குப் போகலாமா? சாமி குற்றம் ஆகிவிடாதா? உண்மையில் சாமிக்கு அதைப் பற்றிக் கவலையே இருந்திருக்காது. எனக்குத்தான் அந்த மினுமினுப்பை விட்டுப் பிரிய மனமில்லை. காலையில் ஒரு தவளையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் டிராகனைச் செருகினேன். தெருவில் நடக்கும்போது அக்கா கேட்டாள்.

"டிராகன எடுத்து வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்." எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

எதிரே உட்கார்ந்தது ஓனர் மகன்தான். அவனுடைய பெரிய பெரிய பூதங்களைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் என் தவளைகளுக்காகச் சிரித்தார்கள். ஐந்தாவது தவளை இறங்கியபோது சிரிப்பு நின்றது. நான் ராணியை எடுத்து மேஜையில் வைத்தேன். அவன் ராணியைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தான். பயத்தில் இளிக்கிறான் என்று நினைத்தேன்.

ராணி எழுப்பிக் கொடுத்த தவளைகளையும் இறக்கித் தீர்த்திருந்தேன்; அவன் பக்கம் உயிர் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தவளை வந்தால் போதும். அடுத்த கார்டுக்குக் கை நீட்டினேன். அதன் முதுகில், எட்டணா அகலத்துக்கு, அம்மா வைத்த குங்குமம்.

டிராகனுக்குக் குங்குமம் வைத்துப் பூஜை போட்டதை முந்தின நாளே தெருப் பூராவும் பீற்றியிருந்தேன். நான் எடுப்பதற்கு முன்பே அவன் பார்த்துவிட்டான். "பந்த கணோ டிராகன்!" என்று கத்தினான். டிராகன் வந்துவிட்டான் என்று தெருவே சேர்ந்து கத்தியது. வந்தவன் என் கையில் உட்கார்ந்துகொண்டு வானவில் காட்டினான். அடுத்த முறையில் என் தவளைகள் எல்லாம் செத்தன. திரும்பிப் பார்த்தேன். அக்கா கடைக்குள் போயிருந்தாள்.

வெளியே வந்தபோது கையில் ஒரு புதுப் பேனா இருந்தது. என் சட்டைப்பையில் குத்தினாள். "ஸ்கோராவது ஒழுங்கா எழுது," என்றாள். வீடு வரைக்கும் என் கையை விடவில்லை. மதியம் யானை ஊர்வலத்தைப் பார்க்க அந்தக் கூட்டத்தில் என்னை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு நின்றாள். நான் யானையைப் பார்த்ததும் தோல்வியை மறந்துவிட்டேன்.

போன மாதம் ஓனர் மகனுக்குக் கல்யாணம். மேடையேறிக் கை கொடுத்தபோது, மணப்பெண்ணிடம் என்னை முறைப்படி 'டிராகன்' என்று அறிமுகப்படுத்தினான். பிறகு என் காதோரம் குனிந்து கன்னடத்தில் சொன்னான்: உன் அக்கா வரைந்து கொடுத்த செம்பருத்திக்கு எனக்கு எக்ஸலெண்ட் கிடைத்தது கணோ, ஒரு முழு ரெக்கார்டுக்கு ஒரு தவளை ராணி, எனக்குத்தான் லாபம்.

எனக்கு மணமேடையில் நிற்பதே மறந்துவிட்டது. பின்னால் கவரோடு நின்ற பெரியவர் முதுகில் தட்டி என்னை நகர்த்த வேண்டியிருந்தது.

மண்டபத்துக்கு வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் இப்போது இருக்கும் கொள்ளேகாலில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் மாட்டிவிட்டதற்கும் சேர்த்து ஏதேதோ உளறினேன். கடைசியில், "ஏன்க்கா, அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மட்டும் டிராகன வீட்ல வெச்சிட்டு வந்திருப்பியாக்கும்?"