பேஸ் வாசித்தவளுக்கு ஒரு பொன்னாடை

போன ஞாயிற்றுக்கிழமை கவரப்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். என் நாத்தனார் பேத்திக்கு. பட்டுப்புடவை, கையில் ஹாட்பாக்ஸ் பார்சல், காலைக் கடிக்கிற புதுச் செருப்பு... தோளில் பேஸ் கிட்டார் இல்லாமல் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தது எனக்கே புதுசாக இருந்தது. ஒரு கையை வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோல.

மேடையில் பாட்டுக் கச்சேரி. மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு. யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்தால்... நம்ம பாபு ட்ரூப்.

பாபு கீ போர்டு வாசிப்பான். ட்ரூப்புக்கு அவன்தான் லீடர். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நான் பேக்கிங் லைனில் நின்ற காலத்திலிருந்தே சனி, ஞாயிறுகளில் அவனோடு பேஸ் வாசித்தவள் நான். வேலையிலிருந்து நின்ற பிறகும் வாசித்தேன். மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் போன் போட்டான்.

"யக்கா, இப்பல்லாம் சின்னச் சின்ன ப்ரோகிராம்தான். பேஸ் இல்லாமயே ஓட்டிக்கிறோம். நீ ஊட்ல ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் எடு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கம்பெனியிலும் இதையேதான் சொன்னார்கள். சரி, பேஸ் இல்லாமல் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு மேடையில் பேஸ் கேட்டது. வாசிக்கிற ஆளைக் காணோம். சத்தம் மட்டும் வருகிறது.

பேஸ் என்றால் என்ன என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு — பாட்டில் நீங்கள் கவனிக்காத சத்தம் இருக்கிறதே, அதுதான். உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் அதிரும், நெஞ்சில் அதிரும், காதுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்பீர்கள்.

முதல் பாட்டில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது, மெதுவான பாட்டு. பல்லவி முடிந்து சரணம் ஆரம்பிக்கும் இடத்தில் பேஸ் ஒரு சுரத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த இடத்தில் அப்படி நிற்பது உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

ஏன் நிற்கிறேன்? தனபாலுக்காக. எங்கள் பழைய பாடகர். கம்பெனித் தூசியில் நெஞ்சு கெட்டு, வீசிங். சரணம் எடுக்கும் முன்னால் மூச்சு வாங்குவார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூச்சு உள்ளே போன பிறகுதான் அடுத்த சுரத்துக்குப் போவேன். நான் நின்றால் டிரம்ஸ் வாசிக்கிற சலீமும் நிற்பான். தனபால் என்னமோ அழகுக்காக நிறுத்துகிறார் என்று ஜனங்கள் கை தட்டும்.

தனபால் இப்போது பள்ளிப்பட்டில் மகள் வீட்டோடு இருக்கிறார். அன்று பாடியது பிரியா என்கிற சின்னப் பெண். நல்ல குரல், நல்ல நெஞ்சு. மூச்சுக்கு நிற்காமல் நேராகச் சரணத்தில் இறங்கினாள். பேஸ் இறங்கவில்லை. அங்கே இல்லாத தனபாலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் தடுமாறிச் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரைப் பார்ப்பாள்? நான் உட்காருகிற நாற்காலியில் ஒரு லேப்டாப் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் விளங்கியது. மழைக்காலத்தில் பாபு என்னைப் பொன்னேரியில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். என் கிட்டாரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போட்டான். "நாம வாசிக்கிற பாட்டெல்லாம் ஒருவாட்டி வாசிச்சுடுக்கா... பிராக்டிஸுக்கு" என்றான். டீயும் பன்னும் வந்தன. தனபால் பக்கத்தில் நிற்பதாக மனசில் வைத்துக்கொண்டு நானும் வாசித்தேன். வேறு எப்படி வாசிப்பது?

ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் 'கிழவிக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது' என்று பத்திரிகைக்கு லெட்டர் போடவேண்டாம். சாப்ட்வேர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கம்பியைச் சுருதி சேர்க்க என் போனில் ஒரு ஆப் இருக்கிறது. தாளத்துக்கு ஒரு ஆப். அது குடிக்காது, பிரியாணி வரவில்லை என்று கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகாது. நான் பார்த்த டிரம்மர்களில் பாதிப் பேரைவிட ஒழுங்கு. ஐந்தாவதோடு படிப்பை விட்டவள் நான். சுரம் எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது. இந்தப் பத்தியையே எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். வாக்கியமெல்லாம் குட்டையாக இருப்பது அதனால்தான். எனக்கு எதற்கு மெஷினோடு சண்டை?

பெட்டி என்ன தப்பு செய்தது? நான் வாசித்ததை வாசித்தது. சொல்லாமல் எடுத்து வைத்தவனைத்தான் கேட்கவேண்டும்.

கேட்கிற நேரமும் வந்தது. பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா — சோழவரத்துக்காரர் — பொன்னாடைகளோடு மேடை ஏறினார். மைக்கில் ஒருவர் பேர் வாசித்தார். கீ போர்டு பாபு. டிரம்ஸ் சலீம். பாடகி பிரியா. ஒவ்வொருவருக்கும் போர்த்தினார். அவ்வளவுதான், கலைஞர்களுக்கு நன்றி என்றார்கள்.

அவ்வளவுதானா?

நான் எழுந்தேன். நாத்தனார் என் முந்தானையைப் பிடித்தாள்.

"எங்க போற அண்ணி? பந்தி இன்னும் போடல."

"எனக்கு ஒண்ணு வரணும். வாங்கிகினு வரேன்."

"சம்பந்தி ஊட்டு ஜனம் பாக்குது. மானத்த வாங்காத."

"என் மானமும் மேலதான் கீது. அத்த எடுத்தாரத்தான் போறேன்."

மேடையில் ஏறி சலீம் பக்கத்தில் வரிசையில் நின்றேன். பாபு பதறிப்போய்க் கிட்ட வந்தான். மைக்கைக் கையால் மூடிக்கொண்டான்.

"யக்கா, கல்யாணத்துக்கு வந்தியா, பேஜார் பண்ண வந்தியா?"

"கல்யாணத்துக்குத்தான் வந்தேன். வந்த எடத்துல என் வாசிப்பக் கேட்டேன்."

"நீ எங்கக்கா வாசிச்ச?"

"அப்போ அந்தப் பொட்டிக்குள்ள கீறது யாரு, உங்க பெரியம்மாவா?"

சலீம் சிரிப்பை அடக்க டிரம் குச்சியைக் கடித்தான். மாப்பிள்ளையின் அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "யாரு தம்பி இவங்க?"

பாபு குனிந்து கீ போர்டு ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். 'பொண்ணு வீட்டுச் சொந்தக்காரம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் படியிறங்கியிருக்க வேண்டும். இந்த ஜில்லாவில் நான் பேஸ் வாசித்தேன் என்பதே அன்றோடு பொய்யாகிப் போயிருக்கும்.

சலீம்தான் பேசினான். "பேஸ் கிட்டாருங்க. எஸ்தர் அக்கா. நீங்க இவ்ளோ நேரம் கேட்டது இவங்க வாசிச்சதுதான்."

பிரியா என்னையே பார்த்தாள். "சரணத்துக்கு முன்னாடி நிக்கிறது நீங்கதானாம்மா? ஒவ்வொரு ப்ரோகிராம்லயும் அங்க வுழுந்து எழுந்துகினு கீறேன்."

"நான் இருந்தா உன் வாயப் பாத்து வந்திருப்பேன் கண்ணு. அது யாரப் பாக்கும்?"

பெரியவருக்கு என்ன புரிந்ததோ, கையை விரித்தார். "பொன்னாடை தீந்துபோச்சேம்மா..."

எல்லோரும் பாபுவைப் பார்த்தோம். லீடருக்குப் போர்த்தியதுதான் பெரியது. நல்ல ஜரிகை. அவன் மெதுவாகக் கழற்றினான். பெரியவர் அதை வாங்கி எனக்குப் போர்த்தினார். மைக்கில் சொன்னார்கள் — பேஸ் கிட்டார், எஸ்தர். முதலில் கை தட்டியது யார் தெரியுமா? மானம் போகுது என்றாளே, என் நாத்தனார்.

பந்தியில் பாபு என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான்.

"அழிச்சுடறேன்க்கா."

"எதுக்கு அழிக்கிற? நல்லாத்தானே வாசிச்சிருக்கேன். வச்சுக்கோ. நான் மேடையில இருந்தா அத்த மூடி வை. நான் இல்லாதப்போ போட்டா என் பேர மைக்குல சொல்லு."

"சொல்லாம போட்டா உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சிரித்தான்.

"இங்கேர்ந்து செங்குன்றம் வரைக்கும் எந்த மண்டபத்துல கல்யாணம்னாலும் எனக்குப் பத்திரிகை வரும்டா. நல்ல புடவையும் இருக்குது."

சிரிப்பு நின்றது. அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

புதன்கிழமை பாபுவிடமிருந்து போன் வந்தது. ஊத்துக்கோட்டையில் ஒரு ரிசப்ஷனாம். பெட்டியோடு பாடமாட்டேன், அக்காவைக் கூப்பிடு என்று பிரியா சொல்லிவிட்டாளாம். வாயெல்லாம் பல்லாகப் பேசினான். வைக்கும்போது, "அப்பறம்... அந்தப் பொன்னாடையும் எடுத்தாந்துடுக்கா" என்றான்.

வருகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.