கனடா மழைக்கு ஆய்க்குடிப் பாயசம்

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிற நாட்களில் எங்கள் கடையில் நின்று பேசினால் காதில் விழாது. ஒரு பக்கம் அருவி இரைச்சல், இன்னொரு பக்கம் இருப்புச்சட்டியில் சூடான மணலும் பட்டாணியும் உரசுகிற சத்தம். அந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி கனடாவிலிருந்து கூப்பிடுவான். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லுலே, மழை நின்னுட்டா?" என்று கத்துவேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு பட்டாணிப் பொட்டலத்துக்குக் கை நீட்டுகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சாரலுக்காக ஊர் ஊராக வண்டி பிடித்து வருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மழை நின்றுவிட்டதா என்று இவ்வளவு ஆசையாகக் கேட்கிற பொம்பளையை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்!

நான் கேட்டது அவன் இருக்கிற இடத்து மழையை. அவன் அங்கே ஒரு பெரிய விவசாயியிடம் அறுப்பு மிஷின் ஓட்டுகிறான். கண்ணுக்கு எட்டின மட்டும் சமவெளி, மலை என்ற பேச்சே கிடையாது, ஒரு வயலின் இந்த வரப்பில் நின்றால் அந்த வரப்பு தெரியாது என்று சொல்லுவான். வரப்பே இல்லை என்றும் சொல்லுவான். எது உண்மையோ. அந்த வயலில் விளைகிற மஞ்சள் பட்டாணிதான் ரயிலேறி, கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, தென்காசி வழியாக எங்கள் கடைச் சட்டிக்கு வருகிறது. அதே வயல் பட்டாணிதானா என்று யாருக்குத் தெரியும். நாங்கள் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர், "இந்தா, ஒன் தம்பி அனுப்பியிருக்கான்" என்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படிக்கிற ஆசை மட்டும் நிற்கவில்லை. பொட்டலம் மடிக்கக் கிழிக்கிற பழைய பேப்பரை வாசிக்காமல் மடிக்க மாட்டேன். அதனால்தான் எனக்குக் கவலை அதிகம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார். உலகத்தில் எங்கே எது கெட்டுப்போனாலும் அது என் கைக்கு வந்துதான் கூம்பாகும்.

இந்த வருசம் கெட்டுப்போனது அந்தப் பெரியவருக்குத்தான். தம்பியின் முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். அவர் விளைய வைப்பதில் பாதியை வழக்கமாகச் சீனாக்காரர்கள் வாங்குவார்களாம். இரண்டு நாட்டுக்கும் ஏதோ வேறு சாமான் விஷயத்தில் சண்டை. அந்தக் கோபத்தில் சீனா, கனடாப் பட்டாணிக்குப் பெரிய வரியைப் போட்டுவிட்டது. போன வருசத்து விளைச்சல் இரும்புக் குதிரில் அப்படியே கிடந்தது. பெரியவரின் பிள்ளைகள் டவுனில் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கு நிலத்தில் நாட்டமில்லை. இந்த அறுப்பும் சரியாக வராவிட்டால் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். குத்தகைக்கு எடுக்கிறவர்களுக்குச் சொந்தமாக ஆளும் மிஷினும் உண்டு. அப்படி ஆனால் தம்பிக்கு வேலையும் இல்லை, பெரியவர் கொடுத்திருக்கிற வீடும் இல்லை. அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரித்தபடி சொன்னால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் அங்கே மழையில்லாமல் ஒரே காய்ச்சல். விதைத்தது எல்லாம் முழங்காலுக்கு வராமல் நிற்கிறது என்றான். இங்கேயும் அதே கதை. பாறையில் தண்ணீர் கோடு போட்டதுபோல வடிந்தது. கடை போட்டும் போடாமலும் இருந்தோம். நான் வெள்ளிக்கிழமை ஆய்க்குடி முருகனிடம் போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்தது நடந்துவிட்டால் பாயசம் காய்ச்சி, ஆற்றில் இறங்குகிற படிகளில் ஊற்றுவார்கள். பிள்ளைகள் ஓடி வந்து படியிலிருந்தே வழித்துத் தின்பார்கள். படிப்பாயசம் என்று பெயர். நான் அதைத்தான் நேர்ந்துகொண்டேன். முருகா, இங்கேயும் பெய்யட்டும், என் தம்பி இருக்கிற இடத்திலும் பெய்யட்டும், படிப்பாயசம் ஊற்றுகிறேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பெய்தது. இங்கே பெய்த அழகைச் சொல்லி முடியாது. மலையே தெரியாமல் மேகம் இறங்கி, ஐந்து கிளையும் ஒன்றாகி, குளிக்க விடாமல் போலீஸ் கயிறு கட்டுகிற அளவுக்கு விழுந்தது. சட்டி இறக்க நேரமில்லை. தம்பியும் படம் அனுப்பினான். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, கொடியெல்லாம் பூ. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வயல் நடுவில் நிற்கிறார். நான் அந்தப் படத்தைக் கடைக்கு வந்த ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினேன். பாயசத்தைச் சீசன் முடிந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். யார் கடையை விட்டுப் போவது?

ஆடி போய் ஆவணி பிறந்தது. அங்கே பட்டாணி பழுத்து மஞ்சளாகி அறுப்புக்கு நின்றது. மழையும் நின்றபாடில்லை. பழுத்த பட்டாணி மேல் மழை விழுந்தால் கொடி தரையோடு படுத்துவிடும், மிஷினுக்கு அள்ள வராது. இன்னும் நனைந்தால் நிறம் வெளுத்து, முளைவிட்டு, மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகும். ஒரு நாள் காலையில் கூப்பிட்டான். அங்கே அந்தி நேரம். ஜன்னலில் தண்ணீர் வடிவது போனில் தெரிந்தது.

"அக்கா, நீ முருகன்கிட்ட என்ன கேட்ட?"

"மழை கேட்டேன்லே. நீதான காய்ச்சல்னு சொன்ன?"

"எப்ப நிக்கணும்னு கேட்டியா?"

உண்மையிலேயே கேட்கவில்லை. இந்தப் பக்கத்து ஆள் யார்தான் அதைக் கேட்பார்கள்? குற்றாலத்தில் மழை நிற்க வேண்டும் என்று சாமியிடம் கேட்கிற வாய் எந்தக் கடைக்காரிக்கு உண்டு?

எங்கள் வீட்டுக்காரர் சல்லடையைத் தட்டிக்கொண்டே சொன்னார், பாயசம் பாக்கி இருக்கிற வரைக்கும் முருகன் பெய்ய வைத்துக்கொண்டுதான் இருப்பார் என்று. கேலிக்குச் சொன்னார். எனக்கு அது அப்படியே மனதில் இறங்கிவிட்டது. இது போதாது என்று அன்று மடித்த பேப்பர் ஒன்றில், பட்டாணி இறக்குமதிக்கு நம் அரசாங்கமே வரி போட்டுவிட்டதாகப் பெரிய எழுத்தில் இருந்தது. சீனாவும் வாங்காது, நாமும் வாங்கமாட்டோம் என்றால் அந்த மனுசன் யாரிடம் போவார்? உடனே தம்பியைக் கூப்பிட்டேன். அவனும் பதறிப்போய்ப் பெரியவரிடம் ஓடியிருக்கிறான். அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை வாங்கி மேல் ஓரத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, இது என்னைக்குள்ள பேப்பர் தெரியுமா? இதுக்குப் பொறவு எத்தனை தடவை வரி போட்டு எடுத்துட்டாங்க. அந்தக் கெழவரைக் கொன்னுராதட்டி."

திரும்பவும் போன் போட்டு, பழைய சேதி, பழைய சேதி என்று கத்தினேன். தம்பி மறுநாள் சொன்னான், பெரியவர் கோபப்படவில்லையாம். ஒரு மூச்சு விட்டுவிட்டு, அது பழையது என்றாலும் எப்போது வேண்டுமானாலும் புதுசாகலாம் என்றாராம். அந்த ஊர் வியாபாரிகளும் தினமும் இந்தியா என்ன செய்யப் போகிறது என்றுதான் பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு ஒரே ஆச்சரியம். நான் கனடாவை நினைத்துக் கவலைப்படுகிறேன், அங்கே ஒரு கடைத்தெரு முழுக்க எங்களை நினைத்துக் கவலைப்படுகிறது.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டு அண்ணாச்சி உளுந்து பயிர் போடுகிறவர். அவரிடம் போய் இந்தக் கதையைச் சொன்னது என் புத்தி.

"வரி போடணும்மா. நல்லா போடணும்," என்றார். "கப்பல் கப்பலா வந்து எறங்குது. வடைக்கடைக்காரன் பூரா பட்டாணி மாவக் கலக்குதான். என் உளுந்த எவன் கேக்கான்?"

அவர் சொல்வதும் நியாயம்தான். போன வருசம் அவர் உளுந்தைக் களத்தில் வைத்துக்கொண்டு விலை ஏறும் ஏறும் என்று காத்திருந்ததை நானே பார்த்தேன். கனடாவில் குதிரில் கிடந்ததும் இங்கே களத்தில் கிடந்ததும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. ஆனால் அங்கே இருப்பது என் தம்பியாயிற்றே. நான் முகம் சுண்டி நின்றதைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார், அங்கே மழை விட்டதா என்று. விடவில்லை என்றேன். அறுப்பு நேரத்து மழை எதிரிக்கும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, "மொதல்ல போயி அந்தப் பாயசத்த ஊத்து" என்றார். விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே கடையை எங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஆய்க்குடிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. மழையை நிறுத்து என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இங்கே அருவி வற்றிவிடும். எங்கள் கடை மட்டுமா, அந்தப் பாதை முழுக்க எத்தனை பேர் சீசனை நம்பிக் கடை போட்டிருக்கிறார்கள், ஒருத்தர் வயிற்றெரிச்சலும் வேண்டாம். இந்தத் தடவை வாசகம் சரியாக இருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் நான் வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து, பரீட்சைக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். ஏறக்குறைய அதுதான்.

பாயசத்தைப் படியில் ஊற்றினேன். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வழிவதற்குள் பிள்ளைகள் குனிந்துவிட்டார்கள். எனக்கு என்னவோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போது கேட்டால் கிடைத்துவிடும் என்று தோன்றியது. முருகா, மேற்கு மலையில் பெய்கிறது பெய்யட்டும், அதில் கையை வைக்காதே. என் தம்பி ஊரில் மட்டும் அறுப்பு முடிகிற வரை வெயிலும் காற்றும் கொடு. ஊர் பெயர் சொல்ல வேண்டுமே! தம்பி எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்தும் அந்தப் பெயர் என் வாயில் நுழையாது. போனை எடுத்து, பெரியவர் தொப்பியோடு நிற்கிற வயல் படத்தைத் திறந்து, கோபுரத்தைப் பார்த்துப் பிடித்தேன். இந்த இடம்தான், பார்த்துக்கொள் என்றேன். பாயசம் வழித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்று தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படிக்குக் குனிந்தது.

மறுநாள் அங்கே மழை நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் தூறல். நான் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்தேன். இரண்டாவது நேர்ச்சைக்கு வேறு கோயில் போகலாமா, அது முதல் சாமிக்கு மரியாதைக் குறைவா என்றெல்லாம் யோசனை ஓடியது. வாரக் கடைசியில் தம்பியிடமிருந்து ஒரே வரிச் சேதி வந்தது. காற்று மாறிவிட்டது, தரை காய்கிறது.

அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. பகலெல்லாம் மிஷினில் இருக்கிறான் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தும் போனைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றி, அவர் எடுத்து நகர்த்தி வைத்து, இப்படியே நாட்கள் போயின.

ஒரு காலையில் போன் அடித்தது. வீடியோவில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, புழுதி. என் வாழ்க்கையில் புழுதியைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. பிறகு சிவந்த சூரியன், மிஷின், அதற்குப் பக்கத்தில் தம்பி. பல்லைத் தவிர மூஞ்சியெல்லாம் மண். நான் பேசுவதற்குள் எங்கள் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கினார்.

"மாப்ள, நெறம் எப்படி இருக்கு?"

தம்பி உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளிப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தான். கொஞ்சம் வெளுத்ததும் கலந்துதான் இருந்தது. ஆனால் பெரும்பாலும் நல்ல மஞ்சள். போனில் நிறத்தை நம்ப முடியாது என்று எங்கள் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். மூட்டை வாங்கும்போது அவர் எப்போதும் ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். சத்தம் கணீரென்று வந்தால் காய்ந்தது, அமுங்கினால் ஈரம். அதையே சொன்னார்.

"ஒண்ணு கடி. போன வாய்க்கிட்ட வச்சுக் கடி."

கடை அடுப்பை அணைக்கச் சொன்னார். அருவியை யார் அணைப்பது? நாங்கள் இரண்டு பேரும் போனுக்கு மேல் தலையைக் கவிழ்த்து, துண்டால் மூடிக்கொண்டு கேட்டோம். கடக் என்று கேட்டது. "இன்னொண்ணு," என்றார். கடக். அதற்குள் பெரியவர் வந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று தம்பி அவரிடம் சொல்லவும் அவர் சிரித்துக்கொண்டு தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அவரும் அதே கடைவாய்தான், அதே மாதிரி தலையைச் சாய்த்துத்தான் கடித்தார். கடக். எங்கள் வீட்டுக்காரர் துண்டை எடுத்துவிட்டு, "காஞ்சிருக்குட்டி" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. புகை என்றார். அடுப்பு அணைந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது.

விலை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நம் பக்கம் வருகிற கப்பலுக்குக் கொஞ்சம் கேட்டிருக்கிறார்களாம், அதுவும் இங்கே வரி போடாமல் இருந்தால். சீனாக்காரர்கள் என்றைக்கு மனசு மாறுவார்களோ. நான் அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவனும் தெரியாது தெரியாது என்றான். கடைசியில்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பெரியவர் நிலத்தைப் பற்றி என்ன சொல்கிறார்?

"வெதைக்குத் தனியா எடுத்து வைக்கச் சொல்லிட்டாருக்கா," என்றான் தம்பி. "நல்லதாப் பாத்து. நாளைக்கு நாந்தான் எடுக்கணும்."

விதைக்கு எடுத்து வைக்கிறார் என்றால் அடுத்த வருசம் விதைக்கிறார். விதைக்கிறார் என்றால் மிஷின் உண்டு, தம்பி உண்டு, வீடு உண்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன். கடை முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கை பட்டாணி அள்ளிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து சாரல் இறங்கித் தார்ப்பாயில் சடசடவென்று விழுந்தது. சந்தோசத்தில் போனை வெளியே நீட்டி, இங்கே பாருலே, எப்படிப் பெய்யுது பாரு என்று காட்டினேன்.

தம்பி திரையிலேயே ஒரு அடி பின்னால் போனான்.

"அக்கா, அத அங்கனயே வச்சுக்கோ. இன்னும் ரெண்டு வயல் பாக்கி கெடக்கு."

நான் போனைச் சட்டென்று உள்ளே இழுத்து, முந்தானையால் துடைத்தேன்.