முத்தையாவை ஆற்றங்கரையில் நிறுத்திவைத்தவர்

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்லமுத்து அண்ணன் இறந்த செய்தி வந்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எந்த அத்தியாயத்துல?" என்பதுதான்.

சேதி கொண்டுவந்தவள் கம்போங் செட்டித் தேவகி. நம் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளி சீவுகிறவள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழ் மறந்த செட்டிக்காரர்கள் பேச்சு அப்படித்தான். வாசலில் நின்று, "நல்லமுத்து சூடா மாத்தி" என்றாள். செத்துவிட்டார் என்கிறாள். இத்தனை மாதமாக அண்ணன் கொட்டகையில் படித்துச் சொன்ன கதையில் தெரிந்தவர்கள் பெயரில்தானே ஆட்கள் விழுவதும் எழுவதும்? இதுவும் கதையில்தான் என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுவிட்டேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பதினாறாம் நாளன்று கொட்டகை ஆட்கள் எல்லோரும் கேட்பதற்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருந்தால் வாசிக்கிறவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளட்டும்.

அண்ணன் பஜாரில் துணி அளந்துகொண்டிருந்தவர். ஜப்பான்காரன் வந்தபிறகு துணியும் இல்லை, கடையும் இல்லை. இங்கே கஜா பேராங்கில் நம் சீன முதலாளி தவுக்கேயின் மரவள்ளிக் கொட்டகைக்கு ஒரு கத்தியும் ஒரு நாவலும் கொண்டுவந்தார். அட்டை போய், முதல் தாள் போய், என்ன புத்தகம் என்று அவருக்கே தெரியாது. நாம் சீவுவோம், அவர் படிப்பார், அவர் பங்குக் கிழங்கை ஆளுக்குக் கொஞ்சமாக நாமே சீவிவிடுவோம். அதுதான் ஏற்பாடு. ஆரம்பத்தில் எனக்கு அது நஷ்டமாகத்தான் பட்டது. கதாநாயகன் பெயர் ராஜசுந்தர புருஷோத்தம பூபதி. அந்தப் பெயரை அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு கிழங்கைத் தோலுரித்துவிடுவேன். அந்த பூபதி ஒருநாள் பாம்புக் கிணற்றில் விழுந்தான். "ஐயோ" என்று ஒருவர் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டதா என்றுதான் கேட்டோம்.

அப்போதுதான் நான் லஞ்சம் கொடுத்தேன். சோப்புக்குச் சாம்பலைத் தேய்க்கிற காலத்தில், ஒளித்துவைத்திருந்த அரைக் கட்டிச் சோப்பை எடுத்துப்போய், "அண்ணே, கதாநாயகிக்கு என் பேர வெச்சுடுங்க" என்றேன். மோந்து பார்த்துவிட்டு, "சரி லா" என்றார். மறுநாள் அவர் படித்தது இது: "மல்லிகைப் பந்தலின் கீழே கொடியிடையாள் சொர்ணம் துவண்டு நின்றாள்." கொட்டகை முழுக்கத் திரும்பி என் இடுப்பைப் பார்த்தது. அன்றைக்கு யாரும் கையை வெட்டிக்கொள்ளாதது நம் அதிர்ஷ்டம். கதாநாயகி அழுகிற இடத்திலெல்லாம் சிரிப்பு. நானே சிரித்தேன். மூன்றாம் நாள், "பேரத் திருப்பிக் குடுத்துடுங்கண்ணே" என்று கேட்டேன்.

"பேரத் தர்றேன். சோப்பு தேஞ்சு போச்சு" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "பாத்தியா சொர்ணம், பெரிய பேரா இருந்தா ஆளு தூரத்துல நிக்கிறான். தெரிஞ்ச பேரா இருந்தா பக்கத்துல வந்து குந்திக்கிறான். உன் பேரு மாதிரி மடியிலயே வந்து உக்காந்தா, கதை எங்க நடக்கும்?"

இதற்கு நான் ஏதோ கிண்டலாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பொன்னம்மா பேசினாள். அவள் பேசியே பல நாள் ஆகியிருந்தது. அவள் புருஷனை சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப்போனார்கள், உங்களுக்குத் தெரியும். போனவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

"கதாநாயகனுக்கு எங்க வீட்டுக்காரர் பேர வையுங்கண்ணே" என்றாள். நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை. அண்ணன் பக்கத்தைப் பார்த்தார், பொன்னம்மாவைப் பார்த்தார், படித்தார்: "முத்தையா குதிரையை விட்டு இறங்கினான்."

அன்றிலிருந்து கதையே வேறு. அதே புத்தகம், அதே குதிரை. ஆனால் முத்தையாவுக்குத் தாகம் எடுத்தால் நமக்குத் தொண்டை வறண்டது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தேவகிக்குத் தமிழில் பெயர் மட்டும்தான் புரியும். அது போதுமாக இருந்தது. படித்து முடிக்கிறபோதெல்லாம், "முத்தையா இடோப் லாகி?" என்று கேட்பாள். இன்னும் உயிரோடு இருக்கிறானா? "இடோப், இடோப்" என்று கொட்டகையே பதில் சொல்லும். பொன்னம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாட்டைப் பிரிப்பாள்.

பொறுக்கவில்லை நம்மை மேய்க்கிற கங்காணி மண்டோருக்கு. ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் எடுத்தபோது பெயர்களை எழுதிக் கொடுத்தவர் அவர். கொட்டகைக்குள் வந்து நின்று, "சயாம் போனவன் பேர இங்க யாரும் எடுக்கக்கூடாது. வேற பேரு வெய்யி" என்றார்.

"ஏன், பேருக்கு வலிக்குதா?" என்றார் அண்ணன்.

"வாய அடக்கு. மேல சொல்லிருவேன்."

"சொல்லுங்க. உங்க நோட்டுல அவன் பேருக்கு நேரா ஒரு கோடு இருக்கு. என் புஸ்தகத்துல அவன் ஆத்தங்கரைக்கு வந்துட்டான். எது நல்ல நோட்டுன்னு இவங்களையே கேளுங்க."

அடி விழுந்தது. உதடு கிழிந்து, ரத்தம் புத்தகத்தின் மேலேயே சொட்டியது. அண்ணன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மண்டோர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இப்ப சொல்லு. கதையில யாரு வர்றான்? எவன் பேரு?"

நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள். அன்று என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொன்னம்மா எழுந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். "முத்தையா" என்றாள். தானே பயந்துபோய் ஒருதரம் நின்றாள். பிறகு இன்னும் சத்தமாக, "முத்தையா. எங்க வீட்டுக்காரர் பேரு முத்தையா. எழுதிக்கிங்க" என்றாள்.

"முத்தையா! இடோப்!" என்றாள் தேவகி. அப்புறம் யார் யார் சொன்னோம் என்று கணக்கில்லை. கத்தி வைத்திருக்கிற முப்பது பொம்பளைகள் ஒரே பெயரைச் சொன்னால் எந்த மண்டோரும் வாசல் பக்கம்தான் பார்ப்பார். பார்த்தார், போனார்.

மறுநாள் வீங்கிய உதட்டோடு அண்ணன் படித்தார். "முத்தையா" என்பது "உத்தையா" என்று வந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

பிறகு அண்ணனுக்குக் கால் வீங்கியது. நம்மில் எத்தனை பேருக்கு வீங்குகிறது, மரவள்ளியும் மரவள்ளியுமாகத் தின்று. படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"அச்சுல கடைசி அத்தியாயத்துல அவன் செத்துப்போறான் சொர்ணம். அதான் மூணு மாசமா ஆத்தங்கரையிலேயே நிறுத்தி வெச்சிருக்கேன். புஸ்தகத்துல இல்லாததெல்லாம் சொல்லிட்டு இருக்கேன். எத்தனை நாளைக்கு மீன் புடிச்சிட்டே இருப்பான்?"

"கதைய எழுதினவரு சயாம் போய்ப் பாத்துட்டு வந்தாராக்கும்?" என்றேன்.

சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரித்தார். "அப்ப நீ அவன ஆத்தக் கடத்திவிட்டுரு" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பொன்னம்மாவும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்கட்டும். பொன்னம்மா, நான் எழுத்துக்கூட்டிக் கடைசி அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தேன். அதில் சாகிறவன் பெயர் ராஜசுந்தர புருஷோத்தம பூபதி. அந்த ஆளை நமக்கு யாரென்றே தெரியாது. அவன் செத்தால் அவன் வீட்டார் அழுதுகொள்ளட்டும். முத்தையாவின் பெயர் அந்தத் தாள்களில் ஓர் இடத்தில்கூட இல்லை. அண்ணன் வைத்த பெயர் அது, நீ சொன்ன பெயர். அதை அழிக்க அச்சுக்கும் அதிகாரமில்லை, மண்டோருக்கும் இல்லை.

இந்தத் தாள் மண்டோர் கைக்குப் போகும் என்று தெரியும். தேடி அலையவேண்டாம். எழுதியது சொர்ணம், மாரிமுத்து மகள், கஜா பேராங்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு: ரத்தக்கறை பட்ட புத்தகம், ஒரு பெயரை இழுக்காமல் முழுங்காமல் கேட்கிறவர் காதில் விழும்படி சொல்கிற அந்தப் பழக்கம். திங்கட்கிழமையிலிருந்து நான் படிக்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முத்தையா அன்றைக்கே ஆற்றைக் கடக்கிறார்.

ஒரு சிறிய தகவல். நேற்றுக் காலை விறகு ஈரமாக இருந்தது. அடுப்பைப் பற்றவைக்கக் கைக்கு எட்டிய தாளை வைத்தேன். கடைசி அத்தியாயம் ஆறு தாள். நன்றாக எரிந்தது. கிழங்கு அடிப்பிடித்துவிட்டது.