குப்புறப் படுத்துச் சொன்ன விமர்சனம்

ஒரு படம் எனக்குப் பிடிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கதை என்று ஒரு படம் வந்தது. அதில் மகன் பெற்ற தாயையே ‘ஏலே’ என்று கூப்பிடுவான். தென்காசியில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு ராத்திரி சோறு எங்கே கிடைக்கிறது என்று பார்க்கட்டும். ஆளுக்கொரு அரிவாளை வேறு முதுகில் செருகியிருந்தார்கள். என் வீட்டு அரிவாளில் தேங்காய் உடைவதே பெரும்பாடு.

பிடித்துப்போவதற்கும் அப்படித்தான். பழைய படம் ஒன்றில் வில்லனைத் துரத்தக் கிளம்பும் நாயகன், வாசலில் செருப்பைத் தேடுவான். கிடைத்த இரண்டும் இடதுகால் செருப்பு. அதையே மாட்டிக்கொண்டு ஓடுவான். அந்த ஓட்டத்துக்காகவே அதைப் பலமுறை பார்த்தேன். மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு மலையாளப் படத்தில், ஒரு மனுஷன் கடைசிவரை கூரை ஒழுகலை அடைப்பான். அடைபட்டதும் படம் முடிந்துவிடும். நான் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி, தேசியகீதம் என்று நினைத்து விறைப்பாக எழுந்து நின்றாள்.

இப்படிப்பட்ட என் வாய்க்குச் சோதனையாக வந்தது மகளின் கல்யாணம். வேலை பார்க்கும் இடத்தில் அவளே விரும்பிய பையன், ஊர் கடையம். அவன் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையா. பணியில் இருந்தபோது ஒரு ஹீரோவின் படப்பிடிப்புக்குப் பாதுகாப்புக்குப் போனவர், அன்றே பக்தர் ஆகிவிட்டார். அவருடைய செல்போனைத் திறந்தால் பேரப்பிள்ளை முகம் வராது, ஹீரோ முகம்தான் வரும். எனக்கோ அந்த ஹீரோவைக் கண்டாலே பல் கூசும்.

சீசன் நேரம். அப்பாக்கள் இருவரும் சேர்ந்து குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தால் பழக்கமாகிவிடும் என்று ஏற்பாடு.

“அப்பா, அந்த ஹீரோவப் பத்தி நீங்க வாயத் தொறந்தியன்னா என் கல்யாணம் அவ்வளவுதான்” என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“மழையப் பத்திப் பேசுங்க. தீந்துபோச்சுன்னா சுகரப் பத்திப் பேசுங்க” என்றாள் மனைவி.

குற்றாலத்தில் மழையும் சுகரும் எண்ணெய்க் கடை வரைக்கும் தாங்கின. துண்டைக் கட்டிக்கொண்டு அடுத்தடுத்த பலகைகளில் இருவரும் குப்புறப் படுத்தோம். எனக்கு எண்ணெய் தேய்த்தவரின் கட்டைவிரல் பிடரியில் இறங்கியது. மனைவி, மகள், கடையம் எல்லாம் மறந்துபோயின. அந்த நேரம் பார்த்து எண்ணெய்க்காரர், அதே ஹீரோவின் படத்தைப் பற்றிக் கேட்டார்:

“புதுப்படம் பாத்தியளா அண்ணாச்சி? எப்படி இருக்கு?”

“அது படமா வே? மாத்திர போடுத வயசுல காலேஜுக்குப் போறான். அருவியில நின்னு ஆடுதான், தல மட்டும் நனையல. நனைஞ்சா விக்கு கையோட வந்துரும்லா. நாலு பேர அடிக்கதுக்குள்ள மூச்சு வாங்குது. அஞ்சாவது ஆளு பாவம் பாத்து தானா விழுதான்!”

சொல்லி முடித்த பிறகுதான், பக்கத்துப் பலகை ஞாபகம் வந்தது. அங்கே சத்தமே இல்லை. தலையைத் திருப்பினால் ஏட்டையாவின் குதிகால் மட்டும்தான் தெரிந்தது. குதிகாலைப் பார்த்து ஒருவரின் கோபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தூங்குகிறாரா, கொதிக்கிறாரா? எண்ணெயையும் மீறி எனக்கு வியர்த்தது.

“ஆனா ஒண்ணு,” என்றேன் குதிகாலுக்குக் கேட்கும்படி, “சண்டையில ஒரு கம்பீரம் இருக்கு.”

“இப்பத்தான மூச்சு வாங்குதுன்னிய?” என்றார் எண்ணெய்க்காரர்.

“அது நடிப்பு வே.”

“காலேஜு?”

“படிப்புக்கு என்ன வே வயசு?”

பக்கத்துப் பலகை கிறீச்சிட்டது. ஏட்டையா எழுந்து அருவியைப் பார்த்து நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கண்ணில் எண்ணெய் இறங்கிவிட்டது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்த முதுகுகள் எல்லாம் ஒரே முதுகுதான். அகலமாக ஒன்றைக் கண்டதும் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாதிய. எம்மவ வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு!”

“என் கையில சோப்புதான்யா இருக்கு” என்றது அந்த முதுகு. யாரோ வெளியூர்க்காரர்.

“நான் இங்கன நிக்கேன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஏட்டையா வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவில்லை. “சனிக்கிழம எங்கூட அந்தப் படத்துக்கு வாரும். முடியுத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. அதுக்கப்பறம் சொல்லும். கல்யாணத்தப் பத்தி அப்பறம் பேசுவோம்.”

தென்காசியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். கொட்டாவி வந்தபோது இருமினேன். சிரிப்பு வந்தபோதும் இருமினேன். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விட்டார்.

வெளியே டீக்கடையில் ஏட்டையா கேட்டார்: “இப்பச் சொல்லும்.”

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

“சர்வீஸ் பூராவும் ஸ்டேஷன்ல பொய் கேட்டவன் நானு.”

சட்டைப்பையில் செல்போன் விடாமல் அதிர்ந்தது, மகள்தான். வருவது வரட்டும் என்று சொன்னேன்: “அந்த அருவிப் பாட்டு வேண்டாம் அண்ணாச்சி.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “வேண்டாந்தான். அந்தப் பாட்டுக்கு நானும் கண்ண மூடிக்கிட்டேன். அவர அப்படிப் பாக்க முடியல.”

எனக்கே சங்கடமாகிவிட்டது.

“வேற?” என்றார்.

“வேற ஒண்ணுமில்ல.”

பொய் கேட்டுப் பழகிய கண்ணால் என்னை ஒருமுறை பார்த்தார். “சரி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாக்கச் சொல்லுதேன்” என்று எழுந்தார்.

மிச்ச விமர்சனத்தை, மகள் கழுத்தில் தாலி ஏறும் வரைக்கும் நான் நிறுத்திவைத்திருக்கிறேன்.