பதினொரு கைத்துவக்குகளுக்குக் காகிதச் சொந்தக்காரன்

ட்ரஸ்ட் பத்திரம் எழுதுகிற குமாஸ்தாவுக்கு அடுத்தவர் சொத்தெல்லாம் கனவில் வரும். என்னைப் போல நாள் முழுக்கத் தட்டச்சு அடித்து விரல் நொந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அடுத்த வருசம், ஒக்லாந்து நகரத்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் பிரையன் என்ற சட்டத்தரணியிடம் சேர்ந்தேன். காலையில் பஸ்ஸால் இறங்கினால் தெருமுழுக்கப் பனிமூட்டம். நானும் அதற்குள்ளே பாதி நித்திரையில்தான் நடப்பேன்.

சத்தம் விழுங்கும் குழாய்

மனுகாவுக்குத் தெற்கே பண்ணை வைத்திருந்த ஒருவர், பேப்பரில் சுற்றிய கறுப்புக் குழாய் ஒன்றை என் மேசையில் வைத்தார். சைக்கிள் பம்ப் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். துவக்கின் வாயில் பூட்டுகிற சைலன்சராம். துவக்கு, அதன் தொலைநோக்கி, இந்தக் குழாய் மூன்றையும் இரண்டு மகன்மாருக்கும் பொதுவாக ஒரு ட்ரஸ்டில் போட வேண்டும் என்றார்.

"ட்ரஸ்டுக்கு லைசென்ஸ் கிடையாது. துவக்கை ஆர் வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் லைசென்ஸ்; மகன்மார் ஆளுக்கொன்று எடுக்க வேணும். குழாய்க்கு ஒண்டும் தேவையில்லை" என்றார் பிரையன். பண்ணைக்காரர் குழாயை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: "குழாயையும் எழுதுங்கோ. துவக்குச் சத்தத்தை அது விழுங்கும். என்ர பெடியன்கள் அதுக்குச் சண்டை பிடிச்சால் அந்தச் சத்தத்தை ஆர் விழுங்கிறது?"

மெழுகு மணந்த அறை

பாட்டனி டவுன்ஸ் பக்கம் அப்போது புல்வெளிதான். அங்கே இருந்த மார்கரெட்டின் கணவர் காலமாகிவிட்டார். பழைய கைத்துவக்குகள் சேர்த்தவர்; பதினொன்று இருந்தன. பிரிக்காமல் ஒன்றாக வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கடைசி விருப்பம். கணவரின் தம்பியோ ஒவ்வொன்றாக விற்கத் துடித்தார். அதனால் தனித்தனியாக விற்க முடியாதபடி ஒரு ட்ரஸ்ட். பட்டியல் எழுத என்னை அனுப்பினார் பிரையன்.

மார்கரெட்டுக்கு லைசென்ஸ் இல்லாததால் போலீஸ்காரர் ஒருவர் வந்து இரும்புப் பெட்டியைத் திறந்தார். மெழுகு மணம் எழுந்தது. வெளியே பனிக்குள் செம்மறிகள் மிதந்துகொண்டிருந்தன. நான் கடைசியாகக் கிட்டத்தில் கண்ட துவக்கு, எங்கள் ஊர்ச் சந்தியில் என் சட்டைப் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றது. பெட்டியைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைக் கண்ட மார்கரெட் என் கதிரையைப் பிடித்து யன்னல் பக்கம் திருப்பிவிட்டார்.

"நான் பார்த்துச் சொல்லுறன், நீர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு எழுதும்."

ஒரு கேள்வி

ட்ரஸ்டுக்கு, காகிதத்தில் சொத்துக்குச் சொந்தக்காரராக நிற்கிற ட்ரஸ்டிகள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மார்கரெட். மற்றவர் குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மார்கரெட் என் பெயரைச் சொன்னார். நான் பிரையனைப் பார்த்தேன். "பெட்டியும் அதன் பூட்டுத் திறப்பும் அவவிடம், லைசென்ஸும் அவவுக்குத்தான் வேணும். உமக்குக் கையெழுத்து மட்டும்தான்" என்றார் பிரையன். அன்று பின்னேரம் தம்பிக்காரர் வந்து மேசையில் அடித்தார். "நேற்று வந்தவனுக்கு என்ர அண்ணன்ர துவக்கா?" அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் நான் பேனையை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அறுபத்து மூன்று வயதில் மார்கரெட் துவக்குப் பாதுகாப்புப் புத்தகம் படித்துச் சோதனை பாஸ் பண்ணினார். சேகரிப்புக்கான அனுமதிக்காகப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். வாழ்க்கையில் ஒருநாளும் சுடாத உங்களுக்கு இத்தனை துவக்கு ஏன் என்று அவர் கேட்டார். மார்கரெட் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாற்பது வருசம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விட்டுவிட்டு இதுகளோடதான் அவர் கதைச்சவர். என்னதான் கதைச்சவர் எண்டு இனிக் கேட்கப் போறன்."

அனுமதி கிடைத்தது.

வீட்டில்

எல்லாம் முடிந்த பிறகுதான் மனைவி கமலாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவளின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. ஊரில் அவள் தம்பி காணாமல் போயிருந்தான். பத்திரத்தின் பிரதியை எடுத்துவந்து காட்டினேன். பதினொரு வரிகளையும் விரல் வைத்து வாசித்தாள். "ஒண்டும் சுடாதோ?" என்றாள். "ஓம், பெட்டிக்குள்ளதான் கிடக்கும்" என்றேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் பிரதியை என்னிடமே தந்தாள்.

"அப்ப சரியப்பா. ஊரில கிடக்கிற எல்லாத்தையும் ஆரும் இப்பிடிக் காகிதத்தில எழுதிப் பூட்டிவைச்சால் நல்லம்."

துவக்குக்குப் பயந்து கடல் கடந்தவனைப் பிடித்துப் பதினொன்றுக்குச் சொந்தக்காரனாக்கிவிட்டு, ஒன்றைக்கூடத் தொட விடாத அந்தப் பத்திரத்தைவிட நல்ல பத்திரத்தை நான் இன்னும் தட்டச்சு அடிக்கவில்லை.