கண்ணில் படாமல் ஓடியது

ஒரு கிளியரிங் ஏஜென்ஸி அலுவலகத்துக்குக் கீழே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாடியில் பதினான்கு வருடம் உட்கார்ந்து கப்பல் சரக்குக்குப் பில் போட்டவள் விஜிலா. அவள் கதையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வரட்டும், நடுநிலையாகப் பேச நான் நீதிபதி இல்லை.

ஏற்றுமதிக்காரர்கள் அனுப்பும் தாளில் உள்ளதை அப்படியே தட்டினால் சரக்கு துறைமுகத்தைத் தாண்டாது. சாயர்புரத்துக்காரர் ஒருவர் முருங்கை இலைப்பொடி அனுப்புவார். சாக்கோடு சேர்ந்த எடையையும் சாக்கில்லாத எடையையும் எப்போதும் மாற்றி எழுதுவார். இன்னொருவர் நிலாவாரை இலை அனுப்புவார். ஒரு தாளில் நிலாவாரை, அடுத்த தாளில் நிலவாகை, அதற்கடுத்ததில் சென்னா. இதெல்லாம் விஜிலாவின் தலைக்குள் இருந்தது. யாரிடமும் சொல்லிக் காட்டாமல் திருத்திவிட்டுப் போவாள். அவள் நாற்காலி நிலைத்ததே அதனால்தான்.

நாங்கள் இரண்டு பேரும் மடத்துப் பள்ளியில் படித்தவர்கள். இயேசு, மரி, சூசை என்பதற்கு மூன்று ஆங்கில எழுத்தைத் தாளின் உச்சியில் போட்டுவிட்டுத்தான் பரீட்சையே எழுதுவோம். நான் பள்ளியோடு விட்டுவிட்டேன். விஜிலா கம்ப்யூட்டரிலும் விடவில்லை. ஒவ்வொரு பில்லையும் அனுப்புமுன் குறிப்புக் கட்டத்தில் ஜே.எம்.ஜே. என்று தட்டுவாள், உடனே அழிப்பாள், பிறகுதான் அனுப்புவாள்.

கிளைட்டனை அங்கே சேர்த்துவிட்டது அவள்தான். வேம்பார்க்காரன், கம்ப்யூட்டர் படித்தவன். சொந்தம்கூட இல்லை. முதலாளி அற்புதமணியிடம், "எனக்குத் தம்பி மாதிரி அண்ணாச்சி, நான் பொறுப்பு" என்று சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. அவள் மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவனும் அவன்தான். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஓர் உறவு தேவையில்லை.

போன வருடம் அவன் அவளுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். எக்செல்லில் இருக்கும் எண்களை அதுவே எடுத்துப் பில்லில் நிரப்பிவிடும். ஆனால் ஓடும்போதெல்லாம் திரையில் ஒரு கறுப்புக் கட்டம் படக்கென்று திறந்து மூடும். விஜிலாவுக்கு ஒவ்வொரு தடவையும் திக்கென்றிருக்கும்.

"ஏலே கிளைட்டா, அந்தக் கறுப்பப் பாத்தா வைரஸ் வந்த மாதிரி இருக்கு. கண்ணுல படாம ஓடாதா?"

"ஓடும்க்கா. அந்தக் கட்டம் தெறக்காமலே பின்னால ஓட வைக்கலாம். கம்ப்யூட்டரப் போட்டதும் தானாத் தொடங்கிக்கிடும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அப்படியே பண்ணிரு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

பத்து நிமிடத்தில் பண்ணினான். மறுநாள் அவள் அவனுக்குச் சீலா மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். எனக்குக் கொடுக்கவில்லை என்பதை இன்னும் சொல்லிக் காட்டுவேன்.

ஏழு மாதம் போனது. முதலாளி பைபாஸ் பக்கம் புது அலுவலகம் ஒன்று திறந்தார். ஒருநாள் அங்கே ரப்பர் ஸ்டாம்பு கொடுக்க விஜிலா போனாள். ஒரு மேஜையில் ஆளே இல்லை, கம்ப்யூட்டர் மட்டும் பில் போட்டுக்கொண்டிருந்தது. சாயர்புரத்து முருங்கைப்பொடி. மாறிக் கிடந்த எடைகள் இரண்டும் தாமாகவே சரியான இடத்துக்குப் போயின. கிளைட்டன் கெட்டிக்காரப் பயல் என்று நினைத்திருக்கிறாள், பைத்தியக்காரி. அடுத்து, குறிப்புக் கட்டத்தில் மூன்று எழுத்து விழுந்தது. ஜே.எம்.ஜே. ஒவ்வொன்றாக அழிந்தது. பில் போய்விட்டது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கண்ணில் படாமல் ஓடிய அந்த ஸ்கிரிப்ட் எண்களை மட்டும் நிரப்பவில்லை. ஏழு மாதமாக அவள் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மூன்று எழுத்து ஏன் வருகிறதென்று பார்க்கக்கூட நேரமில்லாமல் கிளைட்டன் அதையும் சேர்த்தே அந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான்.

நேரே அவனிடம் போனாள். "நம்பர நெரப்பத்தான ஓடுதுன்னு சொன்ன. நான் தட்டுததயெல்லாம் பிடிச்சு வைக்கும்னு சொல்லலியே."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொதலாளி கேட்டாருக்கா. நீங்கதான கண்ணுல படாம ஓடட்டும்னு சொன்னீய."

"நான் கறுப்புக் கட்டத்தத்தாம்ல மறைக்கச் சொன்னேன்."

அவன் அடுத்த பில்லைத் திறந்தான். முதலாளி மறுநாள் சொன்னார்: "இந்த மாசம் முடிய வாங்க விஜிலா." வேலை போனதை அவள் தாங்கிக்கொண்டாள். அவன் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. என் கடையில் உட்கார்ந்து அன்று அழுதாள்.

இப்போது என்னோடுதான் இருக்கிறாள். ஆட்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டாள். கிளைட்டன்.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம். நிலாவாரைக்காரரு இந்தத் தடவ வேற என்னமோ பேரு போட்டிருக்காரு, மெஷின் நின்னுட்டு. சாயந்தரத்துக்குள்ள போவலன்னா கண்டெய்னர் கப்பல விட்டுரும்."

வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், மூச்சு விடாமல்: அந்தப் பெயர் எந்த இலையைக் குறிக்கும், எந்தக் கோட் நம்பர், கூட எந்தத் தாளை இணைக்க வேண்டும். சரக்கு போய்ச் சேர வேண்டும் அவளுக்கு, வேறொன்றுமில்லை. பாதியில் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏலே, இதயும் பதிவு பண்ணுதியா?"



"அந்தக் கோட் நம்பர இன்னொரு தடவ சொல்லுங்கக்கா," என்றான். "கொஞ்சம் மெதுவா."